தளத்துக்கு இரண்டு தேதி

ஜூலை 3

இறைவன் துணை

அன்புத் தம்பிக்கு,

இங்கே நானும் அத்தானும் உன் மருமகள் வாலுவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. யார் ஜெயிப்பார்கள் என்று தெரியவில்லை. உன் வயிற்று எரிச்சல் எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ அனுப்பிய அட்டை வந்தது. இரண்டு வரி. “கல்லூரியில் வாத்தியார் வேலையில் சேர்ந்துவிட்டேன். புது முகவரி கீழே.” அவ்வளவுதான். ஒன்பது வருஷம் கட்டுமான வேலையில் இருந்தவன், சாரத்தின் மேல் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டால்தான் இறங்கும் என்று சொன்னவன், திடீரென்று சாக்பீஸைப் பிடித்திருக்கிறாய். அட்டையில் முகவரி இருக்கிறது, தேதி இருக்கிறது, காரணம் இல்லை. அத்தான் சிரித்தார். “உன் தம்பி வெயிலுக்குப் பயந்து நிழலுக்கு வந்துட்டான், விடு,” என்றார். நான் விடவில்லை.

அம்மா போனபிறகு உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். அந்த உரிமையில் கேட்கிறேன். ஏன் வேலையை விட்டாய்? அங்கே என்ன பாடம் நடத்துகிறாய்? பிள்ளைகள் எப்படி? விவரமாக எழுது.

உனக்காகக் காலையில் பிரார்த்தனை செய்யும்
அக்கா

ஜூலை 15

அன்புள்ள அக்கா,

நான் நலம். வயிறு அடங்கியிருக்கிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, சண்டையை நிறுத்து. அத்தானுக்கு என் வணக்கம். வாலுவின் காதை ஒருமுறை திருகு, நான் திருகியதாகச் சொல்.

இங்கே முதல் வருஷத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே படிப்பு. டிசம்பர் கடைசியில் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில்தான் எந்தத் துறை என்று எழுத வேண்டும். அதுவரை ஒவ்வொரு துறையும் வாரம் இரண்டு வகுப்பு எடுத்துத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும். பெண் பார்க்கிற மாதிரிதான். ‘சிவில் இன்ஜினியரிங் அறிமுகம்’ என் தலையில் விழுந்தது. அறுபத்துநான்கு பேர். அவர்களில் குறைந்தது இருபது பேர் எங்கள் துறையை எடுக்காவிட்டால் அடுத்த வருஷம் துறையை மூடிவிடுவார்களாம். நான் ஒப்பந்த ஆசிரியர். துறை போனால் நானும் போவேன். துறைத்தலைவர் முதல் நாளே இதைச் சொல்லிவிட்டு, “பயப்படாதீங்க,” என்றும் சொன்னார்.

மற்றத் துறைகளில் குளிர்ச்சியான அறை, பளபளக்கும் கணினி. எங்களிடம் இருப்பது கல்லை நசுக்கிப் பார்க்கும் ஒரு துருப்பிடித்த எந்திரம், ஓர் அலமாரி நிறையக் கற்கள், கால் உடைந்த பாலத்தின் மாதிரி ஒன்று. முதல் வகுப்பில் பெரிய அணைகள், நீளமான பாலங்கள் என்று ஒரு மணி நேரம் படம் காட்டினேன். கடைசியில், “யாருக்கு சிவில் பிடிக்குது?” என்று கேட்டேன். மூன்று கைகள் உயர்ந்தன. அதில் ஒருவன், “சார், வெளிய போயிட்டு வரலாமா?” என்றான்.

வேலையை விட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அலுத்துவிட்டது.

உன்
தம்பி

ஜூலை 28

இறைவன் துணை

அன்புத் தம்பிக்கு,

கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். ஒத்தடம் கொடுத்தேன். வாலுவின் காதையும் திருகினேன். அவள் பதிலுக்கு உன் காதுக்கு ஒன்று கடன் வைத்திருக்கிறாள்.

அலுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். சரி. உனக்கு எது அலுக்கும், எது அலுக்காது என்று எனக்குத் தெரியும். இப்போதைக்கு அதை ஓர் ஓரமாக வைக்கிறேன். தொலைத்துவிடவில்லை.

அணையும் பாலமும் காட்டினாயாம். எனக்கு நாற்பத்தாறு வயது, இன்றுவரை ஓர் அணையை நேரில் பார்த்ததில்லை. பதினேழு வயதுப் பிள்ளைகள் எங்கே பார்த்திருக்கப்போகிறார்கள்? நீ அவர்கள் காலுக்குக் கீழே இருப்பதிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.

எங்கள் மாடிப்படியையே எடுத்துக்கொள். மொத்தம் பதினாறு படி. போன மாதம் முழங்காலோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தேன். பதினைந்து படிகள் ஆறேமுக்கால் அங்குலம். கடைசிப் படி மட்டும் எட்டு அங்குலம். இந்த வீட்டுக்கு வந்து பதினோரு வருஷம். யார் யார் அந்தப் படியில் தடுக்கினார்கள் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். மாமனார் ஒரு தடவை. சிலிண்டர் கொண்டுவருகிறவர் இரண்டு தடவை. நான் ஐந்து தடவை. வீடு பார்க்க வந்த தரகர் ஒரு தடவை, அதோடு அவர் வரவில்லை. அத்தானை எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

ஏன் கடைசிப் படி மட்டும் உயரம் என்று யோசித்தேன். கட்டியவர் கீழிருந்து ஒரே கணக்காகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மேலே வந்ததும் ஒன்றேகால் அங்குலம் மிஞ்சியிருக்கிறது. அதைப் பதினாறு படிக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் இடிக்க வேண்டும். அதனால் மொத்தத்தையும் கடைசிப் படியின் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். நம் கால் அறிவாளி. நாலு படி ஏறியதும் உயரத்தைப் பாடம் செய்துவிடுகிறது. அந்தப் பாடத்தை நம்பித்தான் தடுக்குகிறோம். நான் சொல்வது சரியா, படித்தவன் நீ சொல்.

சாப்பாட்டை மறக்காதே.

அக்கா

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்கா,

நலம், உங்கள் எல்லோர் நலமும் அறிய ஆவல். முதலில் ஒரு மன்னிப்பு. உன் கடிதத்தை வகுப்பில் வாசித்துவிட்டேன். சொந்த விஷயங்களை விட்டுவிட்டு, படியை மட்டும்தான். அத்தானை எண்ணுவதை நிறுத்திவிட்ட இடத்தில் வகுப்பே மேசையைத் தட்டியது. நீ சொன்னது அத்தனையும் சரி. எங்கள் புத்தகத்தில் அதற்கு இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மறுநாளிலிருந்து கல்லூரியில் ஒரு படியும் தப்பவில்லை. ஸ்கேலும் கையுமாக அலைகிறார்கள். முதல்வர் அறைக்குப் போகும் படியில் ஒருவன் குனிந்து அளந்துகொண்டிருக்க, அவர் மேலிருந்து, “என்னப்பா தேடுறே?” என்று கேட்டிருக்கிறார். “உங்க நாலாவது படி தப்பு சார்,” என்று பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

பழைய நண்பர்களை ஒவ்வொருவராக வகுப்புக்கு அழைக்கிறேன். சிவில் படித்தால் கட்டடம் மட்டும்தான் என்று இவர்கள் நினைத்திருந்தார்கள். குடிநீர்க் குழாய் போடும் பெண் ஒருத்தி வந்தாள். சாலைக்கு அளவு எடுப்பவன் தன் அளவுக் கருவியின் முக்காலியோடு வந்தான். மண்ணைச் சோதிப்பவன், “என் வேலை மொத்தமும் பூமிக்குள்ள. யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிஞ்சா என் வேலை போச்சுன்னு அர்த்தம்,” என்று சொல்லிக் கைதட்டு வாங்கினான்.

போன வாரம் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்தாள். எப்போதும் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறவள். “சார், படி தப்பாப் போனா தடுக்கும். அதைவிடப் பெரிசா ஒண்ணு தப்பாப் போனா? உங்களுக்கு நடந்திருக்கா?” என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. பிறகு எல்லோரையும் நூலகத்துக்கு அழைத்துப்போய் மீதி அரைமணி நேரம் அந்தப் படிகளை அளந்தோம்.

இப்போது கை தூக்கச் சொன்னால் பதினோரு பேர் தூக்குகிறார்கள். யாரும் வெளியே போகக் கேட்கவில்லை.

உன்
தம்பி

செப்டம்பர் 2

இறைவன் துணை

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே மழை ஆரம்பித்திருக்குமே, தலையைத் துவட்டாமல் வகுப்புக்குப் போகாதே.

பதினோரு பேர் என்றதும் சந்தோஷம். என் கடிதத்தைப் பொது இடத்தில் வாசித்ததற்கு அத்தான் மூன்று நாள் என்னைக் கேலி செய்தார். “நான் தடுக்கினது ஊர் பூரா தெரிஞ்சு போச்சு. இனி விழுந்தா டிக்கெட் போட்டுத்தான் விழுவேன்,” என்கிறார்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெண் கேட்டபோது மணி அடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வரியில் மீதி அரைமணி நேரம் படி அளந்ததாக எழுதியிருக்கிறாய். மணி அடித்தபின் அரைமணி நேரம் எப்படி மிஞ்சும் தம்பி? நான் பள்ளிக்கூடம் பாதியில் விட்டவள்தான். ஆனால் கூட்டல் கழித்தல் வரும்.

அந்தப் பெண்ணுக்கு நீ சொல்லாத பதிலும் எனக்கு எழுதாத காரணமும் ஒன்றுதான் என்று என் மனது சொல்கிறது. உனக்காகத் தினமும் பிரார்த்தனை செய்கிறேன். எதற்காக என்று தெரியாமல் வேண்டிக்கொள்வது முகவரி எழுதாத உறையைத் தபாலில் போடுவதுபோல இருக்கிறது. போய்ச் சேருகிறதோ இல்லையோ.

அக்கா

செப்டம்பர் 30

இறைவன் துணை

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். உன்னிடமிருந்து நாலு வாரமாகக் கடிதம் இல்லை. தபால்காரர் இப்போதெல்லாம் எங்கள் வாசல் வரும்போதே தலையை ஆட்டிக்கொண்டு வருகிறார்.

அதிகமாகக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. காரணம் எழுத வேண்டாம். சாப்பிட்டேன், தூங்கினேன் என்று இரண்டு வார்த்தை எழுது. போதும்.

அக்கா

மாமா, அம்மா தினமும் ரெண்டு தடவை வாசல் கேட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வர்றாங்க. சீக்கிரம் எழுதுங்க. உங்க காதுக்கு ஒண்ணு பாக்கி இருக்கு. – வாலு

அக்டோபர் 18

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன். தூக்கம்தான் சரியில்லை. இந்தக் கடிதத்தை ஐந்து முறை ஆரம்பித்துக் கிழித்தேன். மணி அடிக்கவில்லை. நீ சொன்னது சரி.

இரண்டு வாரத்துக்கு முன் பிள்ளைகளைப் பக்கத்தில் நடக்கும் ஒரு கட்டட வேலைக்கு அழைத்துப்போனேன். முதல் மாடிக்குத் தளம் போட்டு, கீழே முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகள் குனிந்து உள்ளே போய்விட்டார்கள். நான் வெளியே நின்றுவிட்டேன். அந்தக் கடைசி பெஞ்சுக்காரி திரும்பிப் பார்த்து, “சார், வாங்க,” என்றாள். “நீங்க பாருங்க,” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் வகுப்பில் நானே சொன்னேன். இப்போது உனக்கு.

ஏப்ரல் மாதம். நாங்கள் கட்டிய வீட்டில் ஒரு தளம் போட்டோம். மூன்றாம் தேதி பாதி போட்டபோது மழை பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியை, பால்கனி இருக்கும் பக்கத்தை, எட்டாம் தேதிதான் போட முடிந்தது. கான்கிரீட் இறுகும்வரை அடியில் பலகையும் முட்டும் தாங்க வேண்டும். பதினாலு நாள் கழித்து எடுக்கலாம் என்பது எங்கள் கணக்கு. பதிவேட்டில் தளத்துக்கு ஒரே கட்டம்தான் இருந்தது. நான் அதில் மூன்றாம் தேதியைப் போட்டேன்.

பதினேழாம் தேதி காலையில் முட்டுக் கட்டும் மிஸ்திரி வந்தார். என் அப்பா வயதிருக்கும். “சார், பால்கனிப் பக்கம் இன்னும் இறுகாமப் பச்சையா இருக்கிற மாதிரி இருக்கே. எடுக்கலாமா?” என்று கேட்டார். நான் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். “நோட்டுல பதினாலு நாள் ஆயிடுச்சு. எடுங்க,” என்றேன். அந்தப் பக்கத்துக்கு ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அக்கா. மழை பெய்தது எனக்கு மறந்தா போயிற்று? ஆனால் நோட்டில் எழுதியிருந்தால் அதுதான் உண்மை என்று உன் வீட்டில் வளர்ந்தவன் நான். பால்கனி இறங்கியது. மிஸ்திரியின் கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

இவ்வளவும் வகுப்பில் சொன்னேன். சொல்லாதது ஒன்று உண்டு. விசாரணையில், “மிஸ்திரி அவசரப்பட்டு முட்டுகளை எடுத்துவிட்டார்” என்று மேலாளர் எழுதினார். என் முன்னால் வைத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். ஜூன் மாதம் வேலையை விட்டேன்.

அதற்குமுன் வகுப்பில் சிவிலுக்குக் கை தூக்குகிறவர்கள் இருபத்தேழு பேர் வரை வந்திருந்தார்கள். நான் பேசி முடித்தபின் யாரையும் கை தூக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. துறை மூடினால் மூடட்டும்.

தம்பி

அக்டோபர் 23

இறைவன் துணை

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நாங்கள் நலம்.

நோட்டில் எழுதியிருந்தால் அதுதான் உண்மை என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நீ எட்டு வயதில், “பால் வரலக்கா,” என்று அழுதபோது, நோட்டைப் பார்த்துவிட்டு, “வந்தாச்சு, குடிச்சாச்சு, பொய் சொல்லாதே,” என்று அடித்திருக்கிறேன். பால்காரர் வருவதற்கு முன்னாலேயே குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அன்று அவர் வரவே இல்லை. பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்தது. உன்னிடம் நான் இதைச் சொன்னதே இல்லை. இன்று சொல்கிறேன். உன் தப்பில் என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். மீதி உன்னுடையது.

தேதி தப்பானது தவறு. யாருக்கும் வரும். கையெழுத்துப் போட்டது அப்படி இல்லை. ஒருவர் உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்தார், அவர் கேட்கவே இல்லை என்பதற்கு நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய். எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

பிள்ளைகளிடம் சொன்னாய், என்னிடம் சொன்னாய். நீ பிரார்த்தனையிலும் சொல்லியிருப்பாய். கடவுளுக்கு இது ஏப்ரலிலேயே தெரியும் தம்பி. தெரியாதவர்களிடம் போய்ச் சொல். அந்தக் காகிதத்தில் உன் கையெழுத்து இருக்கிறது. இன்னொரு காகிதம் எழுதி, அதிலும் உன் கையெழுத்தைப் போடு. அந்த மிஸ்திரி வீட்டுக்கு நேரில் போ. தபாலில் அனுப்பாதே.

இந்த வேலையும் போனால் போகட்டும். இங்கே ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது. ஜன்னல் சரியாக மூடாது, மற்றபடி நல்ல அறை. அத்தானிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். உன் கடிதத்தை வாங்கி அவரே ஒருமுறை வாசித்தார். பிறகு, “போகச் சொல்லு. தனியாப் போகக் கஷ்டமா இருந்தா நான் கூட வர்றேன்னு எழுது,” என்றார்.

அக்கா

நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

நலம். அத்தானுக்கு என் நன்றியைச் சொல். தனியாகவே போனேன்.

கதவைத் திறந்தது மிஸ்திரியின் மனைவி. என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவர்தான் அந்த இன்ஜினியரா? ஏழு மாசமா வழி தெரியலையோ?” என்றார். உள்ளேயிருந்து, “வரட்டும் விடு,” என்று குரல் வந்தது. மிஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்து எதிர் வீட்டுக்காரரின் கதவுச் சட்டத்தை இழைத்துக்கொண்டிருந்தார். கால் கொஞ்சம் கோணலாகக் கூடியிருக்கிறது.

“நான்தான் எடுக்கச் சொன்னேன். நீங்க கேட்டீங்க,” என்றேன்.

“அது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மூணாவதா ஒருத்தருக்குத் தெரியணும்,” என்றார். “கால் பரவாயில்ல சார். மூணு மாசத்துல நடந்துட்டேன். அவசரக்கார மிஸ்திரின்னு ஒரு பேரு வந்துச்சு பாருங்க, அதுதான் நடக்க விடல. முப்பது வருஷமா முட்டுக் கட்டுறேன், இப்போ கூப்பிட ஆள் இல்ல.”

பழைய கம்பெனிக்கும் நகரக் கட்டட அலுவலகத்துக்கும் எழுதிய கடிதத்தின் நகலைக் கொடுத்தேன். மெதுவாக, இரண்டு முறை வாசித்தார். “இதுல தேதி?” என்றார். “மூணாம் தேதியும் இருக்கு, எட்டாம் தேதியும் இருக்கு,” என்றேன். “பார்த்தேன். இருந்தாலும் உங்ககிட்ட கேட்டு வாங்கிக்கணும் இல்ல?” என்று சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் மனைவி சிரிக்கவில்லை. நான் கிளம்பும்போது செருப்பு மாட்டும்வரை நின்று பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

துறைத்தலைவரிடமும் சொன்னேன். “உங்களை எடுத்ததுக்கு இப்போ நானும் பதில் சொல்லணும்,” என்றார். வெகுநேரம் பேனாவைத் திறந்து மூடினார். டிசம்பர் வரை வகுப்பு எடுக்கலாம், அதற்குப்பின் யோசிக்கலாம் என்று அனுப்பினார்.

வகுப்பில் அந்த மீதிக் கதையையும் சொன்னேன். கடைசி பெஞ்சுக்காரிதான் முதலில் பேசினாள். கோபமாகத்தான். “நோட்டு ஆபீஸ்ல இருக்கு. மிஸ்திரி கீழ நிக்கிறார். அவர் பார்க்க முடியாத நோட்டு எதுக்கு சார்? தேதியைப் பலகைமேலயே எழுதினா என்ன?” என்றாள். முன் வரிசைக்காரன் ஒருவன், “மழையில அழிஞ்சிடும்,” என்றான். “பெயிண்டுல எழுது.” “பாதி பாதியாப் போட்டா?” “பாதிக்கு ஒரு தேதி, நடுவுல ஒரு கோடு.” அரைமணி நேரம் ஒருவரையொருவர் கத்திக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அதன்பின் ஒரு மாதிரிப் பதிவேடு தயார் செய்தார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் கட்டம். முட்டுகளை எடுக்கும் முன் இன்ஜினியர் போட வேண்டிய கையெழுத்துக்குப் பக்கத்தில், மிஸ்திரி போட வேண்டிய கையெழுத்துக்கும் ஓர் இடம்.

சில பெரிய வேலைகளில் இப்படிச் செய்வதுண்டு என்று அவர்களிடம் சொன்னேன். அவர்கள் முகம் கொஞ்சம் வாடியது. “பரவாயில்ல, நாங்களா கண்டுபிடிச்சோம் இல்ல,” என்றான் ஒருவன்.

தம்பி

டிசம்பர் 29

அன்புள்ள அக்கா,

நலம். நேற்று படிவங்களைப் பிரித்தார்கள்.

துறைத்தலைவர் அறையில் அவர் வாசிக்க வாசிக்க நான் எழுதினேன். நாற்பதாவது படிவம் வரை பத்துதான். அவர் தண்ணீர் குடித்தார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். அதற்குப்பின் எண்ணுவதை அவரே எடுத்துக்கொண்டார். மொத்தம் இருபத்தொன்று, அக்கா. இரண்டு முறை எண்ணினோம். நோட்டை நம்பாமல் படிவங்களையே மறுபடி எண்ணினோம்.

இருபத்தேழில் ஆறு பேர் என் கதையைக் கேட்டபின் விலகியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. முதல் நாள் கை தூக்கிய மூவரில் ஒருவன் போய்விட்டான். வெளியே போக அனுமதி கேட்டவன் இங்கேயே இருக்கிறான்.

கடைசி பெஞ்சுக்காரியும் சிவில்தான். வராந்தாவில் பார்த்தபோது, “என்மேல கோபமா இருந்தியே, அப்புறம் ஏன் எடுத்தே?” என்று கேட்டேன். “இப்பவும் கோபம்தான் சார். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்றாள். “மத்தவங்க எல்லாம் அவங்க துறைக்கு வந்தா என்ன ஆகலாம்னு சொன்னாங்க. இங்கதான் நான் கவனிக்கலேன்னா இன்னொருத்தருக்கு என்ன ஆகும்னு கேட்டேன். அது எனக்குப் பிடிச்சிருக்கு.” சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

போன வாரம் மறுபடி அந்தக் கட்டட வேலைக்குப் போனோம். இந்த முறை நானும் தளத்துக்கு அடியில் போனேன். வியர்த்துச் சட்டை நனைந்துவிட்டது. ஆனாலும் போனேன்.

துறை பிழைத்துவிட்டது. என் நிலைமை இன்னும் தெரியவில்லை. கம்பெனியிலிருந்து பதில் இல்லை. கட்டட அலுவலகம் ஜனவரி இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு மறு விசாரணை வைத்திருக்கிறது. மிஸ்திரியையும் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கொஞ்ச காலம் நான் கட்டட வேலைகளில் கையெழுத்துப் போட முடியாமல் தடை வரலாம். “தடை வந்தாலும் பாடம் நடத்தலாம். எங்க பதிவேட்டுல அப்படி ஒரு கட்டம் இல்ல,” என்கிறார் துறைத்தலைவர். அது அவர் நகைச்சுவை என்று புரிய எனக்கு ஒரு நாள் ஆயிற்று.

விசாரணைக்கு முன் நான் எழுதும் கடைசிக் கடிதம் இதுவாக இருக்கலாம். வேண்டிக்கொள்.

தம்பி

ஜனவரி 6

இறைவன் துணை

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். கடிதத்தை வாசித்ததும் வாலு வீடு முழுக்க, “இருபத்தொண்ணு, இருபத்தொண்ணு,” என்று கத்திக்கொண்டு ஓடினாள். அத்தான் அவளைப் பிடிக்கப் போய்ப் படியில் தடுக்கினார்.

நான் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். இருபத்தொரு பேர். ஆளுக்கு முப்பது வருஷம் வேலை செய்வார்கள் என்று வைத்துக்கொள். வருஷத்துக்கு ஒரு வீடு, இல்லாவிட்டால் ஒரு சாலை, ஒரு குழாய். அதை உபயோகிக்கிறவர்கள் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டே போனேன். தாள் தீர்ந்துவிட்டது. அவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பிரார்த்தனை செய்ய எனக்கு ஆயுசு போதாது. அதனால் அந்த இருபத்தொரு பேருக்கும் யாராவது கேள்வி கேட்டால் நிமிர்ந்து பார்க்கிற புத்தி இருக்கட்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உனக்கும் அதேதான்.

இருபதாம் தேதிக்கு நானும் அத்தானும் வருகிறோம். முந்தின நாள் மாலை ரயில். உன் அறையில் எங்களுக்கு இடம் இருக்காது என்று தெரியும். தரையைப் பெருக்கி வை, போதும். உள்ளே உனக்குப் பதிலாக நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். நடந்ததை நடந்தபடி நீயே சொல். வெளியே வராந்தாவில் காத்திருக்கிறவர்களுக்குப் பெஞ்சு போட்டிருப்பார்கள் அல்லவா, அங்கே இருப்பேன்.

மிஸ்திரியோடு அவர் மனைவியும் வருவாரா என்று விசாரித்து எழுது. வருவதாக இருந்தால் நீ என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்காராதே. எனக்கு அந்தம்மா பக்கத்தில் இடம் வேண்டும். அவர் பேசினால் கேட்டுக்கொள்வேன். பேசாவிட்டாலும் எழுந்து போக மாட்டேன்.

அக்கா